மரவேலிக்குப் பின்னால் ஒரு பகல்

தென்கொரியாவின் தலைநகரமாகிய சோலுக்கு மேற்கே ஏறக்குறையப் பத்து மைல் தூரத்தில், ஹான் நதியின் வடகரையில், ஒரு குன்று நிற்கிறது. உயரம் நானூறு அடிக்குச் சற்று அதிகம், அவ்வளவுதான். தெற்கே செங்குத்தான சரிவு. அதன் அடியில் அகன்ற நதி. இக்காலத்தில் அது கோயாங் நகர எல்லைக்குள் அடங்கிய ஒரு பூங்கா. விடுமுறை நாட்களில் ஜனங்கள் குழந்தை குட்டிகளோடு ஏறிச் சென்று, நதியைப் பார்த்துவிட்டு இறங்குகிறார்கள். 1593-ஆம் வருஷம் மார்ச்சு மாதம் 14-ஆம் தேதி, விடியற்காலை முதல் அந்தி வரையில், அதே குன்றின் மேல் ஏறுவதற்கு முயன்றவர்கள் ஏறக்குறைய முப்பதினாயிரம் ஜப்பானியர். மேலே இருந்தவர்கள் சுமார் இரண்டாயிரத்து முந்நூறு கொரியர். அந்த இடத்துக்கு ஹேங்ஜு என்று பெயர்.

கொரியாவில் நடந்த அந்த நீண்ட யுத்தத்தைப் பற்றிப் பேசும்போது, இரும்பு முள் பதித்த கூரையையுடைய ஆமைக் கப்பலையும், அதைச் செலுத்திய கடற்படைத் தலைவர் யீ ஸுன்ஸினையும் பற்றித்தான் எல்லோரும் பேசுகிறார்கள். அதில் தவறில்லை. ஆனால் கடலில் வென்றால் மட்டும் நிலம் மீளுமா? தரையில் நின்று தாங்கியவர்களின் கதையையும் நேயர்கள் அறிந்திருக்க வேண்டும் என்பது என் ஆசை.

முதலில் யுத்தம் மூண்ட விதத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஜப்பான் முழுவதையும் தன் ஆணைக்குக் கீழ் கொண்டுவந்த தோயோதோமி ஹிதேயோஷி என்பவன், சீன சாம்ராஜ்யத்தையே பிடித்துவிடுவதென்று எண்ணம் கொண்டான். சீனத்துக்குப் போகும் வழி கொரியா. வழிவிடு என்று கேட்டான். கொரிய அரசு மறுத்தது. அவன் உண்மையிலேயே படையெடுப்பானா என்று பார்த்து வருவதற்காகச் சென்ற கொரியத் தூதர்கள் 1591-இல் திரும்பி வந்தார்கள். வருவான் என்றார் ஒருவர்; வரமாட்டான் என்றார் மற்றொருவர். இருவரும் அரசவையில் எதிரெதிர்க் கட்சிகளைச் சேர்ந்தவர்கள். எந்தக் கட்சியின் பேச்சு அப்போது செல்லுபடியாயிற்றோ, அந்தக் கட்சியின் தூதர் சொன்னதே உண்மையாகிவிட்டது. 1592 மே மாதம் 23-ஆம் தேதி பூசான் துறைமுகத்துக்கு எதிரே கப்பல்கள் வந்து நின்றபோதுதான் எது மெய் என்பது விளங்கிற்று.

அதன் பிறகு நடந்தவை வெகு வேகமாக நடந்தன. பூசான் விழுந்தது, தோங்நே கோட்டை விழுந்தது, சூங்ஜு என்னுமிடத்தில் நதியை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு போரிட்ட தளபதி ஸின் ரிப் தம் குதிரைப் படையோடு அழிந்தார். மூன்று வாரத்துக்குள் தலைநகரும் போயிற்று. அரசர் ஸோன்ஜோ வடக்கே ஓடி, சீன எல்லையிலுள்ள ஊய்ஜு வரையில் சென்று நின்றார். ஜப்பானியர் பல தலைமுறைகளாக ஒருவரோடொருவர் போரிட்டுப் பழகியவர்கள். 1543-இல் போர்த்துக்கீசியரிடமிருந்து பெற்ற துப்பாக்கியைத் தாங்களே ஆயிரக்கணக்கில் செய்யவும், வரிசை வரிசையாக நின்று சுடவும் கற்றிருந்தார்கள். கொரியரோ இருநூறு வருஷம் பெரும்பாலும் அமைதியில் வாழ்ந்தவர்கள்.

இங்கே யோங்கின் என்ற ஊரில் நடந்த ஒரு சம்பவத்தைச் சொல்லாமல் மேலே போக முடியாது. 1592 ஜூலையில், தெற்கு மாகாணங்களிலிருந்து ஐம்பதினாயிரம் பேருக்கு மேல் கொண்ட ஒரு சேனை தலைநகரை மீட்பதற்காகப் புறப்பட்டது. வழியில் யோங்கினில் வாகிஸாகா யஸுஹாரு என்ற ஜப்பானியத் தலைவன் சுமார் ஆயிரத்து அறுநூறு பேருடன் இருந்தான். அந்தச் சிறு படையைக் கண்டு, இதை முதலில் நசுக்கிவிடலாம் என்று கொரியத் தலைவர் யீ குவாங் ஆசைப்பட்டார். சில்லறைச் சண்டையில் பலத்தைச் செலவழிக்க வேண்டாம், நேரே தலைநகரை நோக்கிப் போவோம் என்று ஓர் உத்தியோகஸ்தர் சொல்லிப் பார்த்தார், பயனில்லை. ஜப்பானியர் திடீரென்று பாய்ந்ததும் அத்தனை பெரிய கூட்டமும் ஆயுதங்களையும் உணவு மூட்டைகளையும் போட்டுவிட்டு ஓடியது. பொய்யான கதை போலத் தோன்றும், ஆனால் நடந்தது. ஆலோசனை சொன்ன அந்த உத்தியோகஸ்தர் மட்டும் தம் ஆட்களைச் சிதறாமல் ஊருக்குத் திருப்பி அழைத்துச் சென்றார். அவர் பெயர் குவோன் யூல்.

குவோன் யூல் பிறவிப் போர்வீரர் அல்லர். 1537-இல் பிறந்தவர், தகப்பனார் நாட்டின் முதன் மந்திரியாக இருந்தவர். அப்படிப்பட்ட குடும்பத்துப் பிள்ளை இருபது வயதிலேயே அரசாங்கப் பரீக்ஷையில் தேறி உத்தியோகத்தில் அமர்ந்திருக்க வேண்டும். இவரோ நாற்பத்தைந்து வயது வரையில் அந்தப் பக்கமே போகவில்லை. 1582-இல்தான் தேறினார். யுத்தம் மூண்டபோது குவாங்ஜு என்னும் ஊரின் நிர்வாகத்துக்கு வந்து சேர்ந்தவர்; ஏட்டையும் கணக்கையும் பார்க்கும் மனிதர். ஐம்பத்தைந்து வயதில் படைத் தலைவரானார். நாற்பதைக் கடந்துவிட்ட என்னைப் போன்றவர்களுக்கு இந்தச் செய்தி கொஞ்சம் ஆறுதலானது என்பதை மறைக்க வேண்டியதில்லை.

யோங்கின் தோல்வியிலிருந்து அவர் என்ன கற்றார் என்பதை அவருடைய அடுத்த காரியங்களைக் கொண்டே ஊகிக்கலாம். சமவெளியில் எதிரியைச் சந்திப்பதில்லை என்று தீர்மானித்துக்கொண்டவர் போல அதற்குப் பிறகு எங்கே நின்றாலும் மேட்டில்தான் நின்றார். இச்சி என்ற கணவாயில், ஹ்வாங் ஜின் என்னும் வீரரோடு சேர்ந்து, தென்மேற்கிலுள்ள சொல்லா மாகாணத்துக்குள் நுழைய வந்த ஜப்பானியரைத் தடுத்தார். சொல்லா கொரியாவின் நெற்களஞ்சியம். யீ ஸுன்ஸினுடைய கடற்படைக்குச் சோறும் ஆளும் அங்கிருந்துதான் போயின. அந்தக் கணவாய் திறந்திருந்தால் ஆமைக் கப்பலின் கதையும் வேறாக முடிந்திருக்கக்கூடும். பிறகு தலைநகருக்குத் தெற்கே தோக்ஸான் மலைக்கோட்டையில் தங்கினார். அங்கே தண்ணீர் குறைவு என்று எதிரிகள் அறிந்து முற்றுகையிட்டபோது, உயரமான இடத்தில் குதிரைகளை நிறுத்தி அவற்றின் முதுகில் அரிசியைக் கொட்டச் சொன்னாராம். தூரத்திலிருந்து பார்த்தவர்களுக்குக் குதிரைகளைக் குளிப்பாட்டும் அளவுக்குத் தண்ணீர் பெருகியிருப்பது போலத் தோன்றிற்றாம். கதைதான். ஆனால் அந்த இடத்துக்குக் குதிரை கழுவிய மேடை என்ற பெயர் இன்றும் இருக்கிறது.

இதற்குள் சீனத்து மிங் அரசு உதவிக்கு வந்துவிட்டது. லீ ரூஸுங் என்ற சீனத் தளபதி 1593-இன் தொடக்கத்தில் ப்யோங்யாங் நகரைப் பீரங்கிகளால் தாக்கி மீட்டார். ஜப்பானியர் தெற்கே ஓடித் தலைநகரில் கூடினார்கள். இனிச் சோலும் சில நாளில் மீண்டுவிடும் என்று எல்லோரும் எண்ணினார்கள். வடக்கிலிருந்து சீனர் வரும்போது மேற்கிலிருந்து தாம் நெருக்குவதற்காகக் குவோன் யூல் ஹான் நதியைக் கடந்து ஹேங்ஜு குன்றில் வந்து அமர்ந்தார். ஆனால் லீ ரூஸுங் குறைந்த குதிரைப் படையோடு அவசரப்பட்டு முன்னேறி, பிப்ரவரி மாதக் கடைசியில் ப்யோக்ஜே என்னுமிடத்தில் பலமாக அடிபட்டுப் பின்வாங்கிவிட்டார். ஒரு பெரிய சேனைக்குத் துணையாக வந்து அமர்ந்த சிறு படை, துணை இல்லாமல், எதிரியின் வாசற்படியிலேயே அகப்பட்டுக்கொண்டது.

பின்னால் நதி; முன்னால் முப்பதினாயிரம் பேர். சூங்ஜுவில் ஸின் ரிப்புக்கும் முதுகுக்குப் பின்னால் நதிதான் இருந்தது. வித்தியாசம் ஒன்றே: இங்கே குன்று இருந்தது; குன்றின் மேல் வேலி இருந்தது.

அந்த வேலியின் பெருமை சோ க்யோங் என்ற துணைத் தளபதியைச் சேரும். இடத்தைத் தேர்ந்தெடுத்ததில் அவருக்குப் பங்குண்டு. சீனர்தான் வந்துவிடப் போகிறார்களே, வேலி எதற்கு என்று குவோன் யூல் முதலில் அசட்டையாக இருந்தாரென்றும், அவர் வேறு காரியமாகக் குன்றை விட்டுப் போயிருந்த சமயம் பார்த்துச் சோ க்யோங் இரண்டே நாளில் மரங்களை வெட்டி நட்டு முடித்துவிட்டாரென்றும் ஒரு பழைய குறிப்புக் கூறுகிறது. உண்மையானால், தலைவர் திரும்பி வந்து கோபிக்காமல் இருந்ததும் ஒரு பெருமைதான். வேலி ஒன்றல்ல, இரண்டு, வெளிவேலி, உள்வேலி. குன்றில் மிகப் பழங்காலத்து மண்கோட்டையின் மேடும் இருந்தது. மற்றப் பக்கங்களில் நதியும் ஓடையும் செங்குத்தும் காவல் இருந்தபடியால், எதிரி ஏறி வரக்கூடிய வழி வடமேற்குச் சரிவு ஒன்றுதான். முப்பதினாயிரம் பேர் வந்தாலும் அத்தனை பேரும் ஒரே சமயத்தில் அந்தச் சரிவில் நிற்க இடம் இல்லை. குவோன் யூலின் கணக்கு முழுவதும் இந்த ஒரு விஷயத்தில் அடங்கியிருந்தது.

அந்த வடமேற்கு மூலையைக் காக்கும் பொறுப்பு யாரிடம் இருந்தது என்று நினைக்கிறீர்கள்? பௌத்த பிக்ஷுக்களிடம்! கொரியாவை அப்போது ஆண்ட வம்சம் கன்பூஷிய நெறியைப் போற்றியது. பிக்ஷுக்களைத் தலைநகருக்குள்ளே விடாமல் ஒதுக்கியிருந்தது. நாட்டுக்கு ஆபத்து வந்ததும் அந்தப் பிக்ஷுக்களே படை திரட்டி வந்தார்கள். சோயோங் என்ற பிக்ஷுவின் தலைமையில் வந்தவர்களுக்கு மிக ஆபத்தான இடம் கிடைத்தது.

ஆயுதங்களில் இரண்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒன்று ஹ்வாசா, நெருப்பு வண்டி என்று பொருள். இரண்டு சக்கரம் உள்ள கை வண்டியின் மேல் பல குழாய்களையோ, வெடிமருந்து கட்டிய அம்புகளையோ அடுக்கி, ஒருமிக்கக் கொளுத்திச் செலுத்துவது. ப்யோன் யீஜுங் என்பவர் புதிதாகச் செய்த வண்டியில் மூன்று பக்கமும் சுடும்படி நாற்பது குழாய்கள் இருந்தன. அப்படிப்பட்ட வண்டிகளை அவர் ஹேங்ஜுவுக்கு அனுப்பினார் என்று சொல்லப்படுகிறது. மற்றொன்று யீ ஜாங்ஸோன் என்ற ஆயுதத் தொழிலாளி கண்டுபிடித்த வெடிகுண்டு. இரும்புக் கூட்டுக்குள்ளே, திருகு வெட்டிய ஒரு மரத்துண்டில் திரியைச் சுற்றி வைத்திருப்பார்கள். சுற்று அதிகமானால் தாமதித்து வெடிக்கும். குறைந்தால் சீக்கிரம் வெடிக்கும். க்யோங்ஜு நகரை மீட்டபோது இது வந்து விழுந்ததும், என்னவென்று அறியாத ஜப்பானியர் சுற்றி நின்று வேடிக்கை பார்த்தார்களாம், அது வெடிக்கும் வரையில். அந்த யுத்த காலத்தில் மந்திரியாக இருந்த ர்யூ ஸோங்ர்யோங் தம் ‘ஜிங்பிரோக்’ என்ற நூலில் இதை எழுதிவைத்திருக்கிறார்.

விடியும் வேளையில் ஜப்பானியர் சிவப்புக் கொடியும் வெள்ளைக் கொடியுமாக வந்து குன்றைச் சூழ்ந்தார்கள். பிரதான தளபதி உகிதா ஹிதேயி. இருபது வயது கடந்த இளைஞன்; ஹிதேயோஷியின் செல்வப்பிள்ளை. சேனையை ஏழு பிரிவாக வகுத்து, ஒன்றன்பின் ஒன்றாக ஏவினார்கள். முதலில் ஏறியது கோனிஷி யுகிநாகாவின் பிரிவு. அவன் பூசானில் இறங்கியபோது 18,700 பேரோடு இறங்கியவன். 1593-ஆம் வருஷ வசந்த காலத்தில் அவனிடம் மிஞ்சியவர்கள் சுமார் 6,600 பேர். ப்யோங்யாங் தோல்வியும், குளிரும், பட்டினியும் மற்றவர்களைத் தின்றுவிட்டன. நெருப்பு வண்டியும் குண்டும் கல்லும் அம்பும் ஒருமிக்கப் பொழிந்ததும் அவன் பிரிவு சரிந்து திரும்பியது. அடுத்து இஷிதா மித்ஸுநாரியின் ஆட்கள். இஷிதாவே காயம் பட்டான். பிறகு குரோதா நாகமாஸா வந்தான். உயர்ந்த மரக்கோபுரத்தின் மேல் துப்பாக்கிக்காரர்களை ஏற்றிச் சுடச் சொன்னான். கொரியப் பீரங்கிகள் கோபுரத்தையே குறி வைத்தன.

இவ்வளவுக்கும் பிறகு உகிதாவின் சொந்தப் பிரிவு ஏறி வந்து வெளிவேலியைப் பிளந்துவிட்டது. உள்வேலி மட்டும் மிச்சம். அந்த இடத்தில் கொரியர் சிலர் பின்வாங்கத் தொடங்கினார்கள். குவோன் யூல் வாளை உருவிக்கொண்டு அங்கே போய் நின்றார். உகிதாவும் காயம் பட்டுத் தூக்கிச் செல்லப்பட்டான். அடுத்து வந்த கிக்காவா ஹிரோயி வேலிக்கு நெருப்பு வைத்தான். மேலே தண்ணீர் தயாராக வைத்திருந்தபடியால் அணைத்தார்கள். கிக்காவாவுக்கும் காயம். தளபதிகளில் மூவர் ஒரே பகலில் அடிபட்டது, அவர்கள் பின்னால் நின்று ஆணையிடவில்லை, வேலிக்கருகே வந்தார்கள் என்பதையும் காட்டுகிறது. எதிரியின் தைரியத்தைக் குறைத்துச் சொல்வதால் வென்றவனுக்கு ஒரு கௌரவமும் இல்லை.

பிற்பகலில் தாக்குதல் முழுவதும் பிக்ஷுக்கள் இருந்த மூலையில் திரும்பியது. சாம்பலை வாரி ஏறி வருபவர்களின் கண்களில் இறைத்தார்கள். கடைசிப் பிரிவு, கிழவரான கோபயாகாவா தகாகாகேயினுடையது. ப்யோக்ஜேயில் சீனரை முறியடித்தவர் அவர்தான். அவருடைய ஆட்கள் பிக்ஷுக்களின் வரிசையை உடைத்து உள்ளே புகுந்தார்கள். வாளும் ஈட்டியும் கைகலப்புமாக நடந்த அந்தச் சண்டையில் மறுபடியும் குவோன் யூலே முன்னால் நின்று, புகுந்தவர்களை வெளியே தள்ளினார். அன்று மொத்தம் ஒன்பது முறை தாக்கினார்கள் என்பது கொரியரின் கணக்கு.

அதற்குள் அம்பு தீர்ந்துவிட்டது. கல்லைப் பொறுக்கி எறிந்தார்கள். அந்தச் சமயத்தில் ஹான் நதி வழியாக யீ பின் என்ற கடற்படை அதிகாரி இரண்டு படகு நிறைய அம்புகளைக் கொண்டுவந்து, நதிப்பக்கமாகக் குன்றுக்குள் சேர்த்தார். எந்த நதி தப்பியோட வழியில்லாமல் அடைத்திருந்ததோ, அதே நதி கடைசியில் கைகொடுத்தது. வேறு படகுகளும் நதியில் தென்பட்டன. சொல்லாவிலிருந்து வரி நெல் ஏற்றி வந்தவை. கீழே நின்ற ஜப்பானியர் புதிய படை வருகிறதென்று எண்ணினார்கள் என்கிறார்கள். பொழுது சாய்ந்தது. செத்தவர்களின் உடல்களை நான்கு குவியலாகக் குவித்துக் கொளுத்திவிட்டு அவர்கள் சோலுக்குத் திரும்பினார்கள்.

வகுப்பில் இந்தக் கதையைச் சொன்னால் பையன்கள் கேட்கும் முதல் கேள்வி, “சார், எத்தனை பேர் செத்தார்கள்?” என்பதுதான். பத்தாயிரம் என்றும் அதற்கு மேலும் எழுதியவர்கள் உண்டு. வென்றவன் எண்ணிய பிணத்தொகையை நான் எப்போதும் பாதியாக மடித்துத்தான் படிப்பது. இங்கே அதையும் மடிக்கலாம். முப்பதினாயிரம், இரண்டாயிரத்து முந்நூறு என்ற தொகைகளும் வழக்கமாகச் சொல்லப்படுபவையே. குன்றின் மேல் பெயர் எழுதப்படாத உதவியாட்களும் இருந்திருப்பார்கள். ஐம்பதினாயிரம் பேர் ஓடிய யோங்கினுக்குப் பிறகு எட்டாவது மாதத்தில் இரண்டாயிரம் பேர் நின்றார்கள் என்ற உண்மை, தொகையை எப்படிக் குறைத்தாலும் குறையாது.

பெண்களைப் பற்றிய கதையையும் சொல்ல வேண்டும். கொரியாவில் ஹேங்ஜு என்றதும் குழந்தைகளுக்கு நினைவு வருவது அதுதான். பெண்கள் தங்கள் பாவாடையைக் கத்தரித்துக் குட்டையாக்கி முன்னால் கட்டிக்கொண்டு, அதில் கற்களை ஏந்திச் சென்று வீரர்களிடம் கொடுத்தார்களாம். அதனால்தான் சமையல் வேளையில் இடுப்பில் கட்டும் முன்துணிக்கு ‘ஹேங்ஜு சிமா’ என்று பெயர் வந்ததாம். அழகான கதை. ஆனால் இந்த யுத்தத்துக்கு அறுபது எழுபது வருஷத்துக்கு முன்பே எழுதப்பட்ட அகராதிகளில் அந்தச் சொல் இருக்கிறது. ‘ஹேங்ஜு’ என்றால் பாத்திரம் துடைக்கும் துணி என்றும் கொரிய மொழியில் பொருள் உண்டு. ஊர்ப் பெயரும் துணிப் பெயரும் ஒலியில் ஒன்றாகிவிட்டன, அவ்வளவே. பெயர்க் காரணம் போய்விட்டதே என்று வருந்துகிறவர்கள் உண்டு. எனக்கு வருத்தமில்லை. அம்பு தீர்ந்து கல்லால் அடித்தார்கள் என்பது பொய்யல்ல. அவ்வளவு கல்லையும் யாரோ சுமந்துதான் கொடுத்திருக்க வேண்டும்.

வெற்றிக்குப் பிறகு குவோன் யூல் செய்த முதல் காரியம் பலருக்கு வியப்பாயிருக்கும். எதிரி பழிவாங்க மறுபடி வருவான், இரண்டாம் முறை இங்கே தாங்காது என்று கணக்கிட்டு, தம்மைக் காப்பாற்றிய வேலியைத் தாமே பிரித்துவிட்டு வடக்கே போய்விட்டார். பிறகு ர்யூ ஸோங்ர்யோங்கின் யோசனைப்படி பாஜு மலைக்கோட்டையில் நின்றார். அதைப் பார்த்த ஜப்பானியர் அங்கே ஏறவில்லை. உணவு குறைந்து, நோய் பெருகி, சமாதானப் பேச்சும் தொடங்கியபடியால், மே மாதத்தில் அவர்கள் சோலைக் காலி செய்து தென்கரைக்குப் போனார்கள். மீண்ட தலைநகருக்குள் நுழைந்த ர்யூ, நூற்றில் ஒருவர் கூட மிஞ்சவில்லை என்றும், மிஞ்சியவர்களும் பேயைப் போல இருந்தார்கள் என்றும் எழுதுகிறார்.

ஹேங்ஜுவோடு கதை நன்றாக முடிந்துவிட்டதென்று நினைக்கக் கூடாது. 1592-இல் ஜின்ஜு கோட்டையைக் கிம் ஸிமின் என்ற தலைவர் நாலாயிரத்துக்கும் குறைந்த பேரோடு காத்து, அந்தப் போரில் பட்ட குண்டினால் இறந்திருந்தார். அந்த அவமானத்தைத் தீர்க்க ஹிதேயோஷி 1593 ஜூலையில் தன் சேனையின் பெரும்பகுதியை ஜின்ஜுவின் மேல் அனுப்பினான். அங்கே போவது சாவதற்கே என்று பலர் ஒதுங்கிக்கொண்டார்கள். குவோன் யூலும் உள்ளே போகவில்லை. போனவர்களில் ஒருவர் இச்சிக் கணவாயில் அவரோடு நின்ற ஹ்வாங் ஜின். மதிலின் மேல் நிற்கும்போது குண்டு பட்டு இறந்தார். கோட்டை விழுந்தது; உள்ளே இருந்த வீரரும் குடிகளும் கொல்லப்பட்டார்கள். போகாதது விவேகமா, போனது கடமையா என்று கொரியர் பின்னால் நிறையத் தர்க்கம் செய்தார்கள்.

குவோன் யூல் அந்த வருஷத்திலேயே நாட்டின் பிரதான சேனாதிபதியாக உயர்ந்தார். 1597-இல் பொய்க் குற்றச்சாட்டினால் பதவி பறிக்கப்பட்ட யீ ஸுன்ஸின் சாதாரணச் சிப்பாயாக வந்து சேர்ந்தது இவருடைய முகாமில்தான். யுத்தம் 1598-இல் முடிந்தது. அடுத்த வருஷம் குவோன் யூல் காலமானார். 1602-இல் அவருக்குக் கீழ் இருந்தவர்கள் ஹேங்ஜு குன்றின் உச்சியில் ஒரு கல் நாட்டினார்கள். வாசகம் சோ ரிப் எழுதியது. எழுத்தைக் கல்லுக்கு வரைந்து கொடுத்தவர் அக்காலத்துப் பெரிய கையெழுத்துக் கலைஞரான ஹான் ஹோ. 1845-இல் இன்னொரு கல்லும் வைத்தார்கள். முதற் கல் ஒரு சிறு மண்டபத்துக்குள் குன்றின் மேல் இன்றும் நிற்கிறது.